பீப்பாய் ஆலையும் மழையில் ஆடிய பந்தும்

1976ல் கட்டடக் கலைஞர் லினா போ பார்டி அந்த ஆலைக்குள் முதல் தடவை போனபோது உள்ளே ஆள் அரவமே இல்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் பொம்பேயா என்ற பழைய தொழிற்சாலைப் பகுதி. 1930களின் கடைசியில் இரும்புப் பீப்பாய் செய்வதற்காகக் கட்டிய ஆலை. பிறகு கைமாறி, குளிர்பதனப் பெட்டி செய்தார்கள். அதுவும் ஓய்ந்துவிட்டது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளே வரிசையாக மெல்லிய கான்கிரீட் தூண்கள். தூண்களைப் பார்த்ததுமே லினாவுக்குப் பொறி தட்டியது. கம்பி கட்டிய கான்கிரீட்டை உலகெங்கும் கொண்டுபோன பிரெஞ்சுக்காரர் ஹெனபிக்கின் முறையில் எழுப்பிய சட்டகம் அது.

அடுத்த தடவை போனது ஒரு சனிக்கிழமை. ஆலை நிறைய ஜனம். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். விரிசல் விட்ட கூரையிலிருந்து மழை உள்ளே ஒழுகுகிறது. தேங்கிய தண்ணீரில் இளவட்டங்கள் கால்பந்து ஆடுகிறார்கள். பந்தை உதைத்தால் தண்ணீர் சிதறுகிறது, சிரிப்பு. வாசலில் அம்மாக்கள் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓரமாக ஒரு பொம்மலாட்டம். இந்த சந்தோஷம் அப்படியே தொடர வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

மூடிய ஆலைகளை விளையாட்டுக் கூடமாக்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் லினா மாற்றியமைத்த இந்தப் பொம்பேயா ஆலை முன்னால் வந்து நிற்கும். வேடிக்கை என்னவென்றால், ஆடுகளங்கள் எதுவும் அந்த ஆலைக்குள் இல்லை. நூலகம், நாடக அரங்கு, கைவினைப் பட்டறைகள், உணவகம் ஆகியவைதான் பழைய கூடங்களில் இருக்கின்றன. பந்தும் நீச்சலும் பக்கத்தில் புதிதாக எழுப்பிய கான்கிரீட் கோபுரத்துக்குப் போய்விட்டன. ஆலைக்குள் தானாக நடந்துகொண்டிருந்த பந்தாட்டம், ஆலையைக் காப்பாற்றிய பிறகு வெளியே போக வேண்டியிருந்தது. ஏன் என்று தோண்டிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

உரிமையாளர் யார்

இடத்தை 1971ல் வாங்கியது செஸ்க். பிரேசிலில் வணிக நிறுவனங்களின் ஊழியர்களுக்காக 1946ல் தொடங்கிய சமூக சேவை அமைப்பு அது. நிறுவனங்கள் தரும் சம்பளத்தின் மேல் விதிக்கப்படும் பங்களிப்பே அதன் வருமானம். இந்த ஒரு விவரத்தை வாசகர் மனதில் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. கட்டி முடித்த மறுநாளிலிருந்து விளக்கெரிக்க, ஆள் வைக்க, குளத்து நீரைச் சுத்தம் செய்ய யார் பணம் தருவார்கள் என்ற கேள்விக்கு அங்கே முதல் நாளே பதில் இருந்தது. பொம்பேயாவின் படங்களைப் பார்த்து வியந்து அதைப்போல் ஒன்று கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கான்கிரீட்டைப் பார்க்கிறார்கள், இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

செஸ்க்கின் முதல் யோசனை இடித்துவிட்டுக் கட்டுவதுதான். அதுவரை சும்மா கிடப்பானேன் என்று அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார்கள். அந்த இடைக்காலம்தான் லினா பார்த்த சனிக்கிழமை. 1977ல் வேலை அவர் கைக்கு வந்தது. ஆந்த்ரே வெய்னர், மார்செலோ ஃபெராஸ் என்ற இரண்டு இளம் கட்டடக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். அலுவலகத்தை வேலை நடக்கும் இடத்திலேயே போட்டார்கள். வரைபடத்தை மேசையில் முடித்து அனுப்பிவிட்டுப் போகிற வழக்கம் இல்லை. சுவர்ப் பூச்சை மணல் பீச்சி உரிக்கும்போது உள்ளே என்ன தெரிகிறதோ அதைப் பார்த்து அன்றைக்கு முடிவு எடுப்பார்கள். பழைய கட்டடத்தில் கைவைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆலைப் பகுதி 1982ல் திறந்தது. விளையாட்டுப் பகுதி முடிய 1986 ஆயிற்று.

ஆலை ஏன் இடம் தரவில்லை

விளையாட்டுக்கு வேண்டியது இரண்டு: தலைக்கு மேல் வெற்றிடம், நடுவில் தூண் இல்லாத தரை. கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம்; அதைச் சுற்றி ஓடி நிற்க இடம் தனி. கைப்பந்து ஆட்டத்துக்குத் தரையிலிருந்து குறைந்தது 7 மீட்டர் உயரம் தடையில்லாமல் இருக்க வேண்டும். உலகப் போட்டி என்றால் 12.5 மீட்டர். இந்த உயரம் கூரையின் உச்சி வரை அளக்கும் உயரமல்ல. உத்திரத்தின் அடிப்பாகம், அதில் தொங்கும் விளக்கு, காற்றுக் குழாய், இவை எல்லாவற்றுக்கும் கீழே மிஞ்சுவதுதான் கணக்கு. வெளியிலிருந்து பார்க்கையில் பிரம்மாண்டமாகத் தெரியும் எத்தனையோ ஆலைகள் இந்த ஒரு அளவில் தோற்றுவிடுகின்றன.

பாரந்தூக்கி ஓடிய கூடமோ உருக்காலையோ என்றால் உயரம் இருக்கும். அந்தப் பாரந்தூக்கியைச் சுமந்த தூண்களுக்கு இன்று அந்தச் சுமை இல்லாததால், மதிப்பெண் பலகையோ பார்வையாளர் மாடமோ சேர்க்க வலு மிச்சமும் இருக்கும். பொம்பேயா அந்த ரகமல்ல. தட்டு இயந்திரங்களும் தொழிலாளர் வரிசைகளும் நிற்கக் கட்டிய கூடங்கள், குறுகிய இடைவெளியில் தூண்கள். நடுத்தூணை எடுத்தால் ஆடுகளம் கிடைக்கும், ஆனால் காப்பாற்ற நினைத்த ஹெனபிக் சட்டகம் போய்விடும். ஓரிரு சிறுவர்கள் தண்ணீரில் பந்தை உதைத்து விளையாடத் தூண் இடைஞ்சல் இல்லை. அதையும் ஒரு கோல் கம்பமாக வைத்துக்கொள்வார்கள். முறை வைத்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து ஆடும் இடத்தில் அது மண்டையை உடைக்கும்.

சரி, ஆலையை விட்டுவிட்டு மனையின் பின்பக்கம் கட்டலாம் என்றால் அங்கே நிலத்துக்கடியில் ஓர் ஓடை. ஆகுவாஸ் ப்ரேத்தாஸ், கருநீர் ஓடை. வாய்க்காலாக மூடப்பட்டு மனையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. அதன் மேல் கட்டக் கூடாது. மிஞ்சியவை ஓடையின் இரு கரையிலும் இரண்டு துண்டு நிலம். கேட்டதோ நீச்சல் குளம், ஆடுகளங்கள், உடைமாற்றும் அறைகள், எல்லாம். படுக்க இடமில்லாவிட்டால் நிற்க வேண்டியதுதான். ஒரு கரையில் அகலமான கோபுரம்: தரைமட்டத்தில் குளம், அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ஆடுகூடங்கள், உள்ளே தூணே கிடையாது. ஆலை தர முடியாத வெற்றிடத்தைப் புதுக் கட்டடம் தந்தது. மறுகரையில் ஒல்லியான கோபுரம்: படிக்கட்டு, மின்தூக்கி, உடைமாற்றும் அறைகள். இரண்டையும் இணைக்க ஓடைக்கு மேலே திறந்த வானத்தில் கான்கிரீட் நடைபாலங்கள். உள்ளே எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய கான்கிரீட் என்பதால் நடுவில் தாங்கல் இல்லாமல் 25 மீட்டர் வரை தாண்டுகின்றன. சில பாலங்கள் நேராகப் போகாமல் கவட்டைக் கிளைபோல் பிரிந்து இரண்டு வாசலுக்குப் போகின்றன. கீழே ஓடையின் மேல் மரப்பலகை பரப்பி விட்டார்கள். நகரவாசிகள் வெயில் காயப் படுத்துக்கொள்ளும் அந்த இடத்துக்குக் கடற்கரை என்றே பெயர் வந்துவிட்டது.

ஆடுகூடத்தின் ஜன்னலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஜன்னல் என்று சொல்வதே தப்பு. சுவரைக் குத்திப் பிய்த்தெடுத்தாற்போல் கோணல்மாணலான ஓட்டை, குகை வாய் மாதிரி. கண்ணாடி கிடையாது. உள்பக்கம் சிவப்புச் சாயம் பூசிய மரச் சட்டத் தட்டி. வேண்டுமானால் இழுத்து மூடலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். குளிரூட்டியும் வேண்டாம், அதன் மின்கட்டணமும் வேண்டாம். வெளிச்சம் ஓட்டையின் ஒழுங்கற்ற விளிம்பில் பட்டுச் சிதறி வருவதால் ஆடுபவர் கண்ணில் நேர்க்கோட்டில் குத்துவது குறைகிறது. ரம்பப் பல்போல் கூரை வைத்த பழைய ஆலைகளை இறகுப்பந்துக் கூடமாக்கியவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். அங்கே மேற்கூரைக் கண்ணாடி வெளிச்சத்துக்குள் வெள்ளை இறகுப்பந்து காணாமல் போய்விடும்; கண்ணாடியை மறைத்துத் திரை போட வேண்டிவரும், எதற்காக அந்தக் கட்டடத்தை ரசித்தோமோ அதையே மூடி.

இன்னொரு விஷயம், நிறையப் பேர் கவனிக்காதது. கோபுரத்தின் ஆடுகூடங்கள் விளையாட்டுச் சம்மேளனங்கள் கேட்கும் உயரத்துக்கும் குறைவாகவே கட்டப்பட்டவை. அதனால் அங்கே அதிகாரபூர்வப் போட்டி நடத்த முடியாது. இது தெரிந்தே எடுத்த முடிவு. குளமும் சிறுவர்கள், நீந்தத் தெரியாதவர்கள் இறங்கி அளைவதற்கு ஏற்ற கரைச் சரிவு கொண்டது. போட்டி வெறியை லினா விரும்பவில்லை. 'பண்பாட்டு விளையாட்டு மையம்' என்று பெயர் வைக்கவும் மறுத்தார். பண்பாடு என்றால் ஜனங்கள் பயந்து ஒதுங்குவார்கள், விளையாட்டு என்றால் கோப்பை ஞாபகம் வரும். ஓய்வு மையம் என்றிருக்கட்டும் என்பது அவர் கட்சி.

இங்கேதான் எனக்கு அவரோடு பாதி உடன்பாடு, பாதி சண்டை. திறமையுள்ள ஒரு பிள்ளை அந்தக் கூடத்தில் வளர்ந்து, போட்டிக்கு வேறிடம் தேட வேண்டியிருக்கும். அது இழப்புதான். ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய கட்டடங்களை அளக்கப் போனால் பத்தில் எட்டு தேறாது. யார் ஆடப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்தால், தேறாதவற்றில் பாதி திரும்பி வந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அறுபது வயதுப் பெண்களுக்கும் 12.5 மீட்டர் எதற்கு?

கட்டடமே சொன்ன விளையாட்டு

ஜெர்மனியின் டூயிஸ்புர்க் நகரத்தில் மைடரிச் இரும்பு உருக்காலை 1901 முதல் 1985 வரை ஓடியது. பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் அதை இடிக்காமல் பூங்காவாக்கினார்; 1994ல் திறந்தது. கட்டடம் விளையாட்டுக்கு இடம் தர மறுக்கும் பிரச்சினை அங்கே அதிகம் எழவில்லை. யாரும் ஊதுலைக்குள் கூடைப்பந்து ஆடப் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம்.

உலை வாயுவைத் தேக்கிய உருளைத் தொட்டி ஒன்று இருந்தது. குறுக்களவு 45 மீட்டர். அதில் 13 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி முக்குளிப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 2 கோடி லிட்டர். அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 13 டன் சுமக்கிறது. இதே ஆழத்தைச் சதுரக் கட்டடத்துக்குள் கொண்டுவர நினைத்தால் சுவர் வெளியே பிதுங்காமல் முட்டுக் கொடுத்தே காசு கரையும். வட்டச் சுவருக்கு அந்தக் கவலை கிடையாது; நீரின் தள்ளலைப் பீப்பாய்ப் பட்டைபோல் சுற்றிலும் பகிர்ந்து தாங்கிக்கொள்ளும். உள்ளே ஒரு படகின் சிதைவு, ஒரு விமானத்தின் சிதைவு, செயற்கைப் பாறை. கடலே இல்லாத ஊரில் ஆழ்நீர்ப் பயிற்சி.

தாதுவும் நிலக்கரியும் கொட்டி வைத்த கான்கிரீட் அறைகள் மலையேறிகளுக்குப் போயின. ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தின் டூயிஸ்புர்க் கிளை அந்தச் சுவர்களில் பிடிகளைப் பதித்து ஏறுபாதைகளாக்கியது. தாதுக் குவியலின் அழுத்தத்தைத் தாங்கிய தடிமனான சுவர், மனிதன் தொங்கினால் என்ன ஆகிவிடும்? கூரையும் போடவில்லை, சூடேற்றவும் இல்லை. மழை பெய்தால் நனையும். மிகக் குறைந்த செலவில் நடந்த மாற்றங்களுள் இதை முதலிடத்தில் வைப்பேன்.

நச்சுக் கதையும் அங்கே உண்டு. உலையும் கரிச்சூளையும் இருந்த மண் சுத்தமாக இருக்காது. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பாமல், மாசுபட்ட இடிபாடுகளில் ஒரு பகுதியைப் பழைய கான்கிரீட் அறைகளிலேயே போட்டு மூடினார்கள். ஓரிடத்தில் சுவர் ஏறுகிறார்கள், இன்னோரிடத்தில் அதே மாதிரிச் சுவருக்குள் விஷம் பூட்டிக் கிடக்கிறது.

லண்டன் ஸ்டோக் நியூவிங்டனில் 1850களில் கட்டிய நீரேற்று நிலையம் 1995 முதல் ஏறுபயிற்சி மையமாக இருக்கிறது. வில்லியம் சாட்வெல் மில்ன் அதைக் கோட்டை வடிவில் கட்டினார். நீராவி எந்திரக் கூடமும் புகைபோக்கியும் கண்ணை உறுத்தாமலிருக்க ஒரு வேஷம். புகைபோக்கி ஒரு கொத்தளத்துக்குள், எந்திரத்தின் பெருஞ்சக்கரங்கள் தடித்த முட்டுச் சுவர்களுக்குள். எந்திரங்கள் போனபின் மிஞ்சியது உயரமான வெறுங்கூடம். ஆடுகளத்துக்கு அகலம் போதாது. கயிறு கட்டி ஏற அது தேவையே இல்லை. உலகம் முழுக்க ஆலைகளும் தானியக் கொள்கலன்களும் ஏறுசுவர் மையமாவது வெறும் மோகம் என்று ஒதுக்க முடியாது. இந்த ஒரு விளையாட்டு உயரத்தைக் கேட்கிறது, பரப்பைக் கேட்பதில்லை.

பெய்ஜிங்கின் ஷோகாங் எஃகு ஆலையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீரர்கள் அந்தரத்தில் சுழலும்போது பின்னால் பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்கள். அந்தச் சறுக்குமேடை முழுக்கப் புதிதாகக் கட்டியது; கோபுரங்கள் திரைச்சீலை மட்டும். உண்மையான மாற்று வேலை கேமரா அதிகம் போகாத இடத்தில் நடந்தது. 2010 இறுதியில் ஆலை அங்கே உற்பத்தியை நிறுத்திய பிறகு, நிலக்கரி சார்ந்த ஒரு நீண்ட கூடம் பனித்தளப் பயிற்சி மையமானது. குறுந்தடப் பனியோட்டத்துக்கு 60க்கு 30 மீட்டர் தளம் வேண்டும். நீளமான கூடத்தில் அவற்றை வரிசையாக வைக்கலாம். பனித்தளத்தின் சிரமம் கண்ணுக்குத் தெரியாது. தளத்தின் குளிர் கீழே இறங்கி மண்ணிலுள்ள ஈரத்தை உறையவைத்தால் மண் உப்பித் தளத்தையே தூக்கிவிடும். அதற்காகக் காப்பு அடுக்குக்குக் கீழே மண்ணை மிதமாகச் சூடாக்கும் குழாய்களைப் பதிப்பார்கள். பனிக்கு அடியில் வெந்நீர்.

தரைக்கு அடியில், கூரைக்கு மேலே

படம் பிடித்துக் காட்ட முடியாத செலவுகள்தான் இந்த வேலையை அமுக்கும். ஆலைத் தரை இயந்திரத்துக்காகப் போட்டது. கல்லைப் போல் கிடக்கும். முழங்காலுக்கு அது ஆகாது. ஐரோப்பியத் தரநிலைப்படி உள்ளரங்க விளையாட்டுத் தளம் விழும் அதிர்ச்சியில் குறைந்தது 25 சதவீதத்தையாவது உள்வாங்க வேண்டும். எனவே மேலே இன்னொரு தளம் வரும். அது உயரத்தில் ஒரு பங்கைத் தின்னும்.

நான் நேரில் பார்த்த ஒரு கூடத்தில் புதிதாக ஒட்டிய வினைல் தளம் ஒரே ஆண்டில் அங்கங்கே கொப்புளம் போட்டது. உள்ளங்கையால் அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கும். கீழேயிருந்த கான்கிரீட் பல வருஷம் இயந்திர எண்ணெய் குடித்திருந்தது. எண்ணெய் மேலே கசிந்து பசையைக் கரைத்துவிட்டது. கான்கிரீட்டில் சிறு துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை.

மாடித்தளம் என்றால் வேறு கவலை. அசையாத இயந்திரத்தின் எடையை அலட்டாமல் தாங்கிய தளம், முப்பது பேர் ஒரே தாளத்தில் குதித்தால் பதறும். நொடிக்கு 2, 3 குதிப்பு. தளத்தின் இயல்பான அதிர்வும் அதற்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் ஊஞ்சலை வேளை பார்த்துத் தள்ளுவதுபோலத்தான். எடையைக் கூட்டிப் பார்த்துச் 'சரி, தாங்கும்' என்று சொல்கிற கணக்கில் இது வராது.

நீச்சல் குளம்தான் பழைய இரும்புக் கூரையின் பரம எதிரி. குளோரின் கலந்த ஈரக்காற்று குளிர்ந்த உத்திரத்தில் துளிர்க்கும், அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு போட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகர நீச்சல் கூடத்தில் கான்கிரீட் உட்கூரையைத் தாங்கியிருந்தவை துருப்பிடிக்காத எஃகுத் தொங்குகம்பிகள். குளோரைடு உள்ளுக்குள்ளேயே வெடிப்புகளை உண்டாக்கியது. 1985 மே மாதம் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அது பழைய ஆலை இல்லை, குளமாகவே கட்டிய கட்டடம். அங்கேயே அப்படி என்றால், ஏற்கெனவே வயதான உத்திரத்துக்குக் கீழே வெந்நீர்க் குளம் வெட்டுகிறவர் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். பொம்பேயாவில் குளத்தை ஆலையின் ஓட்டுக் கூரைக்கடியில் வைக்காமல் கான்கிரீட் கோபுரத்தில் வைத்தது இந்த விதத்திலும் நல்லதாகப் போயிற்று.

அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு, ஈயம் கலந்த பழைய சாயம், இவற்றை அகற்றும் செலவு எல்லாருக்கும் தெரிந்ததே. எதிரொலியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். செங்கல்லும் கான்கிரீட்டும் சத்தத்தை விழுங்காது. பத்துப் பந்து குதித்தால் பயிற்சியாளர் கத்துவது எதிரிலிருப்பவருக்கே கேட்காது. வாசலும் அப்படித்தான். தொழிலாளர்கள் வரிசையில் நேரம் குறித்து நுழைய ஒரு வாசல் போதுமாயிருந்தது. பார்வையாளர்கள் ஒரே மூச்சில் வெளியேற அது போதாது.

மறுபடி பொம்பேயா

கட்டடத்தின் மேல் இன்றும் புகார் உண்டு, நியாயமானதும் கூட. உடைமாற்ற ஒரு கோபுரம், ஆட இன்னொரு கோபுரம். நடுவில் வெட்டவெளிப் பாலம். வேர்த்து விறுவிறுத்த உடம்போடு குளிர்காற்றில் நடக்க வேண்டும். குடும்பத்தோடு வந்தவர் துண்டை மறந்தால் பாலத்தைக் கடந்து போய் மறுபடி வர வேண்டும். எந்த விளையாட்டு மையக் கையேடும் இப்படி ஒரு அமைப்பைச் சிபாரிசு செய்யாது. ஓடையும் கட்டக்கூடாத நிலமும் இல்லாமலிருந்தால் லினாவுமே செய்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் ஆலையின் ஓட்டுக் கூரைகள் வரிசையாகக் கீழே தெரியும். எதிரே சுவரின் குகை வாய்களுக்குள்ளிருந்து பந்து தரையில் மோதும் சத்தம் வரும். கீழே பலகைத் தளத்தில் யாராவது படுத்திருப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் அவர்கள் எழுந்து ஆலைக்குள் ஓடுகிறார்கள். ஆட வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நனைந்தபடி, பாலத்தைக் கடந்து ஆடப் போகிறார்கள்.